கழிக்காத எட்டு

திங்கட்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பரிசோதனைக் கூடத்தின் பெரிய சர்வர் நின்றுபோனது. நின்றுபோனது என்று சொல்வதுகூடச் சரியில்லை. நின்றிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அபாயமணி அடித்திருக்கும், பக்கத்து சர்வர் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கும். இது நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. விசிறிகள் சுற்றின. டிஸ்க்கின் பச்சை விளக்கு வழக்கம்போல் கண்சிமிட்டாமல் ஒரே கோடாக எரிந்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வர ஆறு நிமிடம் ஆயிற்று.

அந்த நேரத்தில் எதிர்க் கட்டடத்தில் அறுவை மேசையில் ஒரு பெண் படுத்திருந்தாள். அவளுடைய இரத்தப் பொருத்த முடிவு கூடத்தில் தயாராகிவிட்டது. சர்வருக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. ஒரு பரிசோதகர் பொறுத்துப் பார்த்துவிட்டு, முடிவைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, மூன்று தாழ்வாரம் கடந்து ஓடிப்போய்க் கொடுத்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு, யாரும் எதுவும் செய்யாமலே, சர்வர் தானாக மூச்சு விட்டுக்கொண்டு எழுந்தது. ஐம்பது நிமிடம்.

என்ன நடந்தது என்று அறிக்கை எழுதும் வேலை கூடத்தில் கையேடு எழுதுகிறவளிடம் வந்தது. அந்தக் கட்டடத்தில் எது நடந்தாலும் எழுதுகிறவள் அவள்தான். இயந்திரங்களை எப்படி இயக்க வேண்டும், எப்படி அணைக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று கையேடுகள் எழுதியே பத்தொன்பது வருடம் போயிருந்தது. எல்லோரும் அவளைக் 'கையேடு' என்றே கூப்பிட்டார்கள். அவள் காதுபடவும் கூப்பிட்டார்கள்.

அவள் கணவன் அதே கட்டடத்தில் சர்வர் அறையைப் பார்த்துக்கொண்டவன். ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தவன் முன்னால் நின்றவரின் தோளில் கை வைத்தான். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் விழுந்துவிட்டான். மூன்றாவது வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் சில நாள் அவளைக் கண்டதும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்புறம் மறந்துபோய்ப் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். அதுவே அவளுக்கு வசதியாக இருந்தது.

அவனுக்கு அலுவலகத்தில் 'பூட்டு' என்று பெயர். எந்த ப்ரோகிராமையும் அவன் அவிழ்த்துவிட்டதில்லை. இவனுக்கு இவ்வளவுதான், அவனுக்கு அவ்வளவுதான் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை போட்டுப் பூட்டுவான். அதை அவன் விளக்கும் விதம் எல்லோருக்கும் மனப்பாடம். மெமரி என்பது வேலை செய்கிற மேசை. மேசையில் இடம் போதாதபோது, உடனே தேவைப்படாததை எடுத்து டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்தில் வைக்கிறோம், அதுதான் ஸ்வாப். மேசையில் இருப்பதை எடுக்கக் கையை நீட்டினால் போதும். ஸ்வாப்பில் இருப்பதை எடுக்க மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். யாருக்கு மேசையில் எவ்வளவு, கீழே எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்வது கெர்னல். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கெர்னலிடம் எல்லையைச் சொல்லிவைப்பதுதான் பூட்டின் வேலை.

கூடத்தில் 'குண்டன்' என்று ஒரு ப்ரோகிராம் இருந்தது. பரிசோதனை முடிவுகளையெல்லாம் சேர்த்து அறிக்கைகளாக அடுக்குவது அதன் வேலை. எழுதிக் கொடுத்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அது எடுத்த மெமரியைத் திருப்பித் தராது. ஓட ஓட ஊதிக்கொண்டே போகும். பூட்டு அதற்கு மெமரியில் எட்டு ஜி.பி. கொடுத்திருந்தான், மெமரியும் ஸ்வாப்பும் சேர்ந்து பன்னிரண்டு. அதைத் தாண்டினால் கெர்னல் அதைக் கொன்றுவிடும். சில நொடிகளில் அது புதிதாகப் பிறந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். வாரத்துக்கு மூன்று நான்கு முறை இப்படிச் செத்துப் பிழைக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அந்தச் செவ்வாய்க்கிழமை, பூட்டு சர்வரைப் புதிய கெர்னலுக்கு மாற்றினான். எல்லைகளையெல்லாம் புதிய கோப்பில் எழுதி வைத்தான். அன்றிலிருந்து குண்டன் ஒரு தடவைகூடச் சாகவில்லை. கெர்னல் வைத்திருக்கும் சாவுக் கணக்கு ஏழு வாரமாகப் பூஜ்யத்தில் நின்றது. மேலாளர் அந்தப் பூஜ்யத்தைப் பெரிதாக அச்சடித்துக் கூட்டத்தில் காட்டினார். பதினொரு கிளைக் கூடங்களுக்கும் அதே கோப்பை அனுப்புவதென்று முடிவாயிற்று. கோப்பின் தலைப்பில் பூட்டின் முழுப்பெயரும், 'இவர் வகுத்த எல்லைகள்' என்று ஒரு வரியும் இருக்கும். வெள்ளிக்கிழமை அனுப்பத் தேதி குறித்திருந்தார்கள். அதற்குள் திங்கட்கிழமை இப்படி ஆகிவிட்டது.

செவ்வாய் காலை அவள் சர்வர் அறைக்குப் போனாள். பூட்டின் நாற்காலியில் இப்போது சுருட்டை இருந்தாள். அவளுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. வேறு பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவள், கெட்டிக்காரி. சுருட்டை முடியை அடக்க முடியாமல் பென்சில் ஒன்றைச் செருகி வைத்திருப்பாள். பென்சில் தேடும்போது தலையைத் தவிர எல்லா இடத்திலும் தேடுவாள். அவளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் பூட்டின் தம்பி. கட்டடத்தின் மின்சாரம், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் அவன் பொறுப்பு.

"வாங்க அண்ணி. கரண்ட்ல ஒரு குத்தமும் இல்ல, முதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் எம்பேர எழுதிடாதீங்க."

"உம்பேரு எழுதத் தனித்தாள் வேணும் தம்பி. வரிசையா நிறைய இருக்கு."

"பாத்தீங்களாக்கா, வந்ததும் வராததுமா எப்படிக் கடிக்கிறாங்கன்னு" என்று அவன் சுருட்டையிடம் முறையிட்டான்.

சுருட்டை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "டிஸ்க்குதான் அக்கா. முழு நேரமும் டிஸ்க்கு நூத்துக்கு நூறு ஓடியிருக்கு. ஆறு வருசத்து டிஸ்க்கு, பாவம், மூச்சு வாங்கிருச்சு. மாத்திட்டா சரியாயிடும்."

"எதுக்காக நூத்துக்கு நூறு ஓடுச்சு?"

"அன்னைக்குப் பெரிய தொழிற்சாலை ஒண்ணுலேருந்து ஆளுங்களோட ரத்த மாதிரி மூவாயிரம் வந்துச்சில்ல. குண்டன் அடிச்சு நொறுக்கியிருக்கான்."

"குண்டன் சாகலையா?"

"ஏழு வாரமா சாகலையே" என்றாள் சுருட்டை. சொல்லிவிட்டுத் தலையிலிருந்த பென்சிலைக் காதுக்குப் பின்னால் தேடினாள்.

"எங்கண்ணன் பூட்டினா பூட்டினதுதான்" என்றான் தம்பி. இந்த ஏழு வாரத்தில் அவன் முகம் வெளிச்சமாகும் ஒரே இடம் அந்தப் பூஜ்யம்தான். கிளைகளில் வேலை செய்கிற தன் கூட்டாளிகளுக்கெல்லாம் அவன் ஏற்கனவே சொல்லி வைத்துவிட்டான்: வெள்ளிக்கிழமை எங்கண்ணன் பேரோட ஒண்ணு வருது, பாருங்க.

அவள் காரணம் என்ற இடத்தில் 'டிஸ்க்' என்று குறித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

அறிக்கைப் படிவத்தில் 'சம்பவ நேரத்தில் இருந்த அமைப்புகள்' என்று ஒரு பகுதி உண்டு. பெரும்பாலும் எல்லோரும் 'இணைப்பைக் காண்க' என்று எழுதிவிட்டுத் தப்பித்துவிடுவார்கள். அவளுக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு வரியையும் தன் கையால் எழுதுவாள். எழுதும்போது பழைய கையேட்டுப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பாள். புதன்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

பழைய பக்கம்: குண்டன், மெமரி எட்டு, மொத்தம் பன்னிரண்டு.

புதிய கோப்பு: குண்டன், மெமரி எட்டு, ஸ்வாப் பன்னிரண்டு.

அவள் இரண்டையும் எழுதினாள். அப்புறம் புதிய கெர்னலுக்கான கையேட்டுப் பக்கத்தை எடுத்தாள். மூன்று வாரத்துக்கு முன் அவளே எழுதியது. பழைய கெர்னல் மெமரியையும் ஸ்வாப்பையும் ஒரே கணக்காகக் கூட்டிப் பார்க்கும், புதியது அப்படிச் செய்யாது, இரண்டாவது எண் ஸ்வாப்புக்கு மட்டுமே உரியது, எனவே பழைய மொத்தத்திலிருந்து மெமரியைக் கழித்துவிட்டு எழுத வேண்டும் என்று நாலாவது பத்தியில் அவள் கையாலேயே எழுதியிருந்தாள். பன்னிரண்டில் எட்டு போனால் நாலு.

கோப்பில் நாலு இல்லை. பன்னிரண்டு இருந்தது.

அவன் கழிக்கவில்லை. பழைய எண்ணை அப்படியே தூக்கிப் புதிய இடத்தில் வைத்துவிட்டான். பன்னிரண்டோடு நிற்க வேண்டிய குண்டனுக்கு இருபது கிடைத்திருந்தது. ஏழு வாரமாக அது சாகாததற்குக் காரணம், சாக வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று மாடி இறங்கி ஏறிக்கொண்டே இருந்ததுதான்; அந்த மெதுவில் இருபதை எட்டவே இல்லை. மற்ற நாட்களில் கூடம் கொஞ்சம் மந்தமாக இருந்திருக்கும், யாரும் பொருட்படுத்தவில்லை. மூவாயிரம் மாதிரி வந்த அன்று படிக்கட்டு முழுக்க அதுவே அடைத்துக்கொண்டு, இரத்தப் பொருத்த முடிவை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு வழி விடவில்லை; மூவாயிரமும் முடிந்த பிறகுதான் நகர்ந்தது.

அவள் டப்பாவை மூடினாள்.

அவனுக்கும் அவளுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. எந்த எல்லையையும் மாற்றுவதற்கு முன் அவள் கையேட்டுப் பக்கத்தை எழுதிவிட வேண்டும். அவன் அதைப் படித்துக்கொண்டே, வரி வரியாக, எண்ணைப் போடுவான். "நீ எழுதினாத்தான் எனக்குப் புரியும்" என்பான். பாதி கேலி, பாதி நிஜம். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் தன் அக்காவைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தாள். பக்கம் எழுதவில்லை. சாயங்காலம் வந்தபோது அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "முடிச்சிட்டேன். நீ மெதுவா எழுது." அவள் சரி என்றாள். அந்த வழக்கம் பதினான்கு வருடத்தில் தவறியது அந்த ஒரு தடவைதான். அவன் இறந்தபின் நாலாவது வாரம் அவள் பக்கத்தைச் சரியாக எழுதினாள். எழுதிவிட்டுக் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. இவையெல்லாம் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, அவளுக்கு நினைவுக்கு வந்தன. அழுகை வரவில்லை. அழுகிற இடம் இது இல்லை என்று உடம்புக்கே தெரிந்ததுபோல் இருந்தது.

நேராகச் சுருட்டையிடம் போய் இரண்டு காகிதத்தையும் காட்டினாள். சுருட்டை படித்தாள். மறுபடி படித்தாள். முகம் மெல்லச் சிவந்தது.

"அக்கா, இது நான் பாத்திருக்கணும்."

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல நெசந்தானான்னு பாக்கணும். உதிரி மெஷின் ஒண்ணு இருக்குமில்ல?"

இருந்தது. மூலையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால். இருவருமாக இழுத்து வெளியே வைத்துத் தூசி தட்டினார்கள். சுருட்டை குண்டனை அதில் ஏற்றி, திங்கட்கிழமையின் மூவாயிரம் மாதிரியையும் கொடுத்து, முதலில் ஸ்வாப் பன்னிரண்டு என்று வைத்து ஓடவிட்டாள். ஒன்பது நிமிடத்தில் உதிரி மெஷினின் பச்சை விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டது. சுருட்டை ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். எழுத்து வரவில்லை.

"எண்ணிக்கிட்டே இருங்க, பிள்ளை பெத்து பள்ளிக்கூடத்துல சேத்துட்டு வந்துடலாம்" என்றாள். பிறகு மெஷினின் மின்சாரத்தைப் பிடுங்கி, மறுபடி கிளப்பி, ஸ்வாப் நாலு என்று வைத்தாள்.

இந்தத் தடவை விளக்கு கொஞ்ச நேரம் படபடத்தது. குண்டன் எட்டைத் தொட்டது, ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டில் திரையில் ஒரு வரி வந்தது.

"செத்துடுச்சுக்கா!" என்று சுருட்டை கையைத் தட்டினாள். தட்டிய கை அப்படியே நின்றது. "ஐயோ, நான்..."

"சொல்லு. அதுக்கு வேற வார்த்தை என்ன இருக்கு?"

"இல்லக்கா..."

"செத்துடுச்சு. திரும்ப வந்துடுச்சா?"

சுருட்டை திரையைப் பார்த்தாள். "வந்துடுச்சு. விட்ட எடத்துலேருந்து ஓடுது. மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கு."

அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். கூடத்தின் மற்ற வேலைகள் தடைபட்ட நேரம்: பூஜ்யம். இது நிஜமான பூஜ்யம்.

விஷயம் தம்பி காதுக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய் அருகே அவளை மறித்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட முயன்று, அது கொள்ளாமல், மறுபடி கையில் எடுத்துக்கொண்டான்.

"அண்ணி, நெசமா எழுதப் போறீங்களா?"

"வேற என்ன எழுதச் சொல்ற?"

"டிஸ்க்குன்னு எழுதுங்க. சுருட்டையக்காவே முதல்ல டிஸ்க்குன்னுதான சொன்னாங்க. டிஸ்க்கு ஒண்ணும் வந்து கோவிச்சுக்காது."

"எண்ணு தப்பு தம்பி."

"எண்ண மாத்துங்க, வேணாங்கல. கமுக்கமா மாத்திட்டு அனுப்புங்க. எங்கண்ணன் இருந்தா அவனே ஒரு நிமிசத்துல மாத்திட்டுப் போயிருப்பான். இருக்கிறவன் தப்பு பண்ணா, ஆமா பண்ணிட்டேன்னு சொல்லிட்டு மறுநாள் சரியா செஞ்சு காட்டலாம். அவன் எங்க போய் செஞ்சு காட்டுவான்? எழுதினது எழுதினதுதான். பதினோரு எடத்துலயும் அவனப் பத்தி அது ஒண்ணுதான் தெரியும்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரை இறுக்கி மூடினாள்.

"யோசிக்கிறேன்" என்றாள்.

"யோசிக்கிறேன்னா எழுதுவேன்னு அர்த்தம். பதினெட்டு வருசமா பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவன் போனான். அன்று சாயங்காலம் வழக்கமாக அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவன் வாசலில் நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டார். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்வதால் அவருக்கு 'ஆகட்டும்' என்றே பெயர். நல்ல மனிதர். பூட்டு இறந்த அன்று மருத்துவமனையில் முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். அவளை உட்காரச் சொல்லி, சுருட்டையிடம் எல்லாம் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார்.

"பாருங்கம்மா, ரெண்டுமே செஞ்சிடலாம். கோப்புல பன்னெண்ட நாலாக்கிடுங்க. தலைப்புல அவர் பேர் அப்படியே இருக்கட்டும். அறிக்கையில டிஸ்க்கு பழசுன்னு போட்டுடுங்க. அதுவும் பொய் இல்லையே, பழசுதான். புது டிஸ்க்கும் வாங்கிக்கலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

பூசி மெழுகுவதற்கு இதைவிட நல்ல வழி இருக்க முடியாது. அவளுக்கே ஒரு கணம் ஆசையாக இருந்தது. கோப்பு சரியாகிவிடும், பெயர் நிற்கும், தம்பி வாசலில் வந்து நிற்பான். அவள் மடியிலிருந்த காகிதங்களை அடுக்கினாள்.

"சார், அவர் இறந்ததுக்கு முந்தின நாள் இந்தக் கோப்ப கிளையில ரெண்டு மூணு பேருக்கு அனுப்பியிருக்கார். அவரோட அஞ்சலப் பாத்தேன். யார் யார் எடுத்து மாட்டியிருக்காங்கன்னு தெரியல."

"அவங்களுக்குப் புதுசு போகுமே."

"போகும். பாத்துட்டு, பூட்டு அனுப்பினதுல பன்னெண்டு இருந்துச்சே, இதுல நாலு இருக்கே, யாரோ தப்பா அடிச்சிட்டாங்கன்னு மறுபடி பன்னெண்டு ஆக்கிடுவாங்க. ஏன்னா நாலு போட்டா குண்டன் சாகும். பன்னெண்டு போட்டா சாகாது. நம்மளே ஏழு வாரமா அதக் காட்டித்தான் பெருமைப்பட்டோம்."

மேலாளர் மேசைக்கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த அந்தப் பெரிய பூஜ்யத்தைப் பார்த்தார். அதன்மேல் ஒரு கோப்பை எடுத்து வைத்தார்.

"நாலுன்னு போட்டா மட்டும் போதாது சார். ஏன் நாலுன்னு எழுதணும். ஏன் நாலுன்னு எழுதினா, ஏன் பன்னெண்டு இருந்துச்சுன்னும் எழுதணும்."

"பேர் போடாம எழுதலாமே. 'முந்தைய பதிப்பில்' அப்படி இப்படின்னு."

"பேர் இல்லாட்டி அவர் அனுப்பினதுதான் தப்புன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் கையால வந்ததுன்னுதான் நம்பி மாட்டியிருப்பாங்க. வேற யார் சொன்னாலும் அவர் எண்ண மாத்த மாட்டாங்க சார். அவ்வளவு மரியாதை அவர்மேல."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. இன்னும் வா, இன்னும் வா என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

"நீங்களேதான் எழுதணுமா? வேற யாரையாவது..."

"வேற யார் எழுதினாலும் கொஞ்சம் கூட்டியோ குறைச்சோதான் எழுதுவாங்க."

"ஆகட்டும்" என்றார் அவர். 'பார்க்கலாம்' சேர்க்கவில்லை.

அவள் தன் அறைக்கு வந்து எழுதினாள். மொத்தம் ஒன்றரைப் பக்கம். காரணம் என்ற இடத்தில் 'டிஸ்க்' என்பதை அடித்துவிட்டு, புதிய கெர்னலுக்கு மாற்றும்போது பழைய மொத்த எல்லையிலிருந்து மெமரி எல்லையைக் கழிக்காமல் ஸ்வாப் எல்லையாக எழுதப்பட்டது என்று எழுதினாள். எழுதிப் பார்த்தபோது யாரும் எழுதாமல் அதுவே எழுதிக்கொண்டதுபோல் இருந்தது. அதை அடித்துவிட்டு, 'எழுதினார்' என்று முடித்து, முன்னால் அவன் முழுப்பெயரைப் போட்டாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்தப் பெயரை முழுதாக எழுதியது சாவுச் சான்றிதழ் விண்ணப்பத்தில்தான். இது மூன்றாவது தடவை.

அடுத்த வரியில், எல்லையை மாற்றுவதற்கு முன் கையேட்டுப் பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும், எழுதப்படவில்லை, எழுத வேண்டியவர் அன்று விடுப்பில் இருந்தார் என்று எழுதி, தன் பெயரைப் போட்டாள். பிறகு எழுதப்பட்டபோதும் அவர் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்றும் சேர்த்தாள். இது தன்னைத் தண்டித்துக்கொள்வதற்காக இல்லை. அடுத்த தடவை யாராவது கண் மருத்துவமனைக்குப் போகும்போது சர்வர் அறையில் இருக்கிறவர் ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கோப்பின் தலைப்பில் 'இவர் வகுத்த எல்லைகள்' என்ற வரியை அவள் எடுக்கவில்லை. வகுத்தவன் அவன்தான்; நாற்பத்தோரு எல்லைகளில் நாற்பது சரியாக இருந்தன. அவள் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துவிட்டாள். மற்ற எல்லாவற்றிலும் அவன் கழித்திருந்தான். முதலில் எழுதிய குண்டனில் மட்டும் விட்டிருந்தான். இரண்டாவதில்தான் நினைவு வந்திருக்க வேண்டும். திரும்பிப் போய் முதலாவதைப் பார்க்கவில்லை. குண்டனின் வரிக்கு மேலே அவள் இரண்டு குறிப்பு வரிகள் சேர்த்தாள்: முன்பு இவர் அனுப்பிய கோப்பில் இங்கே பன்னிரண்டு இருக்கும், அது பிழை, நாலு என்று மாற்றவும். குண்டன் வாரத்துக்கு மூன்று நான்கு முறை சாகும், சாக விடவும்.

வெள்ளிக்கிழமை பதினொரு கிளைகளுக்கும் கோப்பும் அறிக்கையும் போயின. சுருட்டைதான் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அழுத்துவதற்கு முன் திரும்பிப் பார்த்தாள், அவள் தலையசைத்தாள்.

தம்பி அறிக்கையைப் படித்தானா என்று அவளுக்குத் தெரியாது. அந்த வாரமும் அடுத்த வாரமும் அவன் அவளோடு வேலை விஷயம் மட்டும் பேசினான். "அண்ணி, நாளைக்கு பேட்டரி மாத்துறேன், பத்து நிமிசம் கரண்ட் இருக்காது" என்பான். "சரி தம்பி" என்பாள். அவள் பேருந்தில் போய்வந்தாள். அதே நிறுத்தம்தான். வேறு நிறுத்தம் அரை மைல் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரம் நடப்பதில் அர்த்தம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

புதிய கோப்பு போன ஐந்தாவது நாள் காலை அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. ஒரு கிளைக் கூடத்திலிருந்து ஒருவர். குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பது வயதிருக்கும். அவசரமில்லாமல் பேசினார்.

"குண்டன் விஷயமா பேசுறேங்க. எங்ககிட்ட பன்னெண்டுதான் இருந்துச்சு. அவர் அனுப்பினதத்தான் மாட்டியிருந்தோம். ரெண்டு மாசமா எல்லாம் இழுத்துக்கிட்டே கிடந்துச்சு. எங்க டிஸ்க்குதான் கோளாறுன்னு ரெண்டு தடவ மாத்தியும் பாத்தாச்சு. உங்க அறிக்கை வந்ததும் நாலாக்கிட்டேன். இப்பத்தான் கூடம் மூச்சு விடுது."

"நல்லதுங்க."

"ஒரு சந்தேகம். எங்க மெஷின்ல மெமரி கம்மி. குண்டனுக்கு ஆறுதான் கொடுக்க முடியும். அப்ப ஸ்வாப் எவ்வளவு வைக்கணும்? நாலேவா, இல்ல ஆறா? அவர்கிட்ட கேட்டா சொல்லிடுவார். கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

அறிக்கையில் பெயர் இருந்தது. இறந்துவிட்டான் என்று எங்கேயும் இல்லை. அது சம்பவத்துக்குத் தேவையில்லாத தகவல் என்று அவள்தான் விட்டிருந்தாள். தொலைபேசியை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவர் இல்லீங்க. தவறிட்டார், ரெண்டு மாசம் ஆச்சு. நான் சொல்றேன். கேக்குறீங்களா?"

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் வந்தது.

"சொல்லுங்கம்மா. ஒரு நிமிசம், எழுதிக்கிறேன்."

அவர் காகிதம் தேடுவதும், பேனா எழுதாமல் இரண்டு தடவை கிறுக்கிப் பார்ப்பதும் கேட்டது. அவள் காத்திருந்தாள்.

"ம், சொல்லுங்க."

"பழைய மொத்தத்த முதல்ல எழுதிக்குங்க" என்றாள் அவள். "பன்னெண்டு. அதுக்குக் கீழ ஆறு. இப்பக் கழிங்க."